கூரியர்ல தொலைஞ்ச சேலை பார்சல்: காசு வருமா? இனிமே போஸ்ட் ஆபீஸ்ல இன்சூர் பண்ணி அனுப்பலாமா?

சுங்குடிசெல்வி:
எல்லாருக்கும் வணக்கம். சின்னாளபட்டி பக்கம் வீட்ல இருந்தே சுங்குடி, காட்டன் சேலை இன்ஸ்டாலயும் வாட்ஸ்அப்லயும் வித்துட்டு இருக்கேன், பெரிய வியாபாரம்லாம் கிடையாது, என் மாமியாரும் நானும் தான் பேக்கிங், தம்பி ஸ்கூல் விட்டு வந்து ஸ்டிக்கர் ஒட்டுவான். போன மாசம் புனேல இருக்கிற ஒரு அக்காவுக்கு மூணு சேலை அனுப்புனேன், மொத்தம் 6,400 ரூபாய், யுபிஐல முழு காசும் முன்னாடியே குடுத்துட்டாங்க. ஒரு தனியார் கூரியர், பேர் வேணாம், பக்கத்துல இருக்குன்னு அங்கயே தான் எப்பவும் போடுறது. கொரியர் சார்ஜ் 190. டிராக்கிங்ல ஏதோ ஹப்புக்கு வந்துச்சுன்னு காட்டுது, அதோட நின்னு போச்சு. பிராஞ்சுல கேட்டா மேல கேளுங்கங்கறாங்க, மேல கேட்டா டிக்கெட் போட்டிருக்கோம் மேடம்ங்கறாங்க, கடைசில பார்சல் கிடைக்கலன்னு வாயால ஒத்துக்கிட்டு, ரசீது பின்னாடி பாருங்க 100 ரூபாய் தான் எங்க பொறுப்புன்னு சொல்லிட்டாங்க. பின்னாடி பாத்தா பூதக்கண்ணாடி வச்சாலும் படிக்க முடியாத எழுத்துல அப்படி தான் போட்டிருக்கு.

எனக்கு மூணு விஷயம் தெரியணும். அந்த 100 ரூபாய் தான் கடைசியா, இல்ல மேல கேக்க வழி இருக்கா. அந்த அக்காவுக்கு நான் காசு திருப்பிக் குடுக்கணுமா, அவங்க ரொம்ப டீசன்ட்டா தான் கேக்குறாங்க, ஆனா எனக்கு 6,400ங்கறது பெருசு. அப்புறம் இனிமே போஸ்ட் ஆபீஸ்ல இன்சூரன்ஸ் போட்டு அனுப்பினா தொலைஞ்சா முழு காசும் வருமா, யாராவது வாங்கியிருக்கீங்களா.

கரூர்_பெட்ஷீட்:
ரெண்டாவது கேள்விக்கு மொதல்ல சொல்லிடறேனுங்க. அந்த அக்காவுக்கு காசை இன்னைக்கே அனுப்பி விட்ருங்க. கூரியர்காரன் தருவானா மாட்டானாங்கறது உங்களுக்கும் அவனுக்கும் உள்ள பஞ்சாயத்து, வாங்கினவங்களுக்கு அதுல ஒண்ணும் இல்லீங்க. க்ளெய்ம் வந்தப்புறம் தரேன்னு சொன்னீங்கன்னா அது எப்ப வருமோ, அதுக்குள்ள அவங்க ஒரு ஸ்டோரி போட்டாங்கன்னா உங்க பேர் போயிரும்.

நாங்க பண்றது இது தானுங்க, ஒவ்வொரு ஆர்டர்லயும் ஒரு சின்ன தொகை தனியா ஒதுக்கிருவோம், தொலைஞ்சாலோ கிழிஞ்சாலோ அந்தக் காசுல இருந்து அடுத்த நாளே வேற பார்சல் போயிரும். ஆயிரம் ரூபாய்க்குள்ள இருக்கிற பொருளுக்கு இன்சூரன்ஸ் போட்டு, அதுக்கு ஃபார்ம் எழுதி, ஆளை அனுப்பி அலைஞ்சா அந்த அலைச்சலுக்கே ஒரு பெட்ஷீட் காசு போயிருமுங்க. உங்க மாதிரி 5,000, 6,000 போகும்போது தான் யோசிக்கணும், பட்டு சேலைன்னா சொல்லவே வேணாம்.

ஹோசூர்_மணி:
அக்கா 100 ரூபாய்லாம் சும்மா பூச்சாண்டி. நேரா கன்ஸ்யூமர் கோர்ட்ல போடுங்க, மன உளைச்சல் அது இதுன்னு லட்சத்துல கேளுங்க, பயந்து போய் செட்டில் பண்ணுவாங்க. போஸ்ட் ஆபீஸ்னாலும் அப்படித்தான், கவர்மெண்டு தானே, தொலைச்சா முழுசா தந்து தான் ஆகணும்.

வைகை_வக்கீல்:
மணி, பாதி சரி பாதி ரொம்ப தப்பு. தனித்தனியா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

தனியார் கூரியர் பத்தி மொதல்ல. 2007ல சாலைவழி சரக்கு போக்குவரத்துக்குன்னே ஒரு சட்டம் வந்திருக்கு, கேரேஜ் பை ரோடு ஆக்ட். நிறைய பேர் அது லாரிக்காரங்களுக்குன்னு நினைச்சுக்கிறாங்க, ஆனா அதுல காமன் கேரியர், அதாவது எல்லாருக்கும் பொதுவா சரக்கு கொண்டு போறவங்க, யாருன்னு சொல்ற இடத்துலயே வீட்டுக்கு வீடு கொண்டு போற கூரியர் ஏஜென்சியையும் சேர்த்து தான் எழுதியிருக்கு. அதுல உங்களுக்கு வேண்டியது மூணு விஷயம். கேஸ் போடுறதுக்கு முன்னாடி பொருள் தொலைஞ்சுதுன்னு எழுத்துல நோட்டீஸ் குடுத்தே ஆகணும், அதுவும் புக் பண்ண தேதில இருந்து 180 நாளைக்குள்ள. போன்ல பேசினது, சாட்ல டிக்கெட் போட்டதுன்னு இதையெல்லாம் நம்பி உக்காந்துடாதீங்க, இந்த 180 நாளை விட்டுட்டு வந்து நிக்கிறவங்க தான் அதிகம். அடுத்து, அவங்க அஜாக்கிரதையா இருந்தாங்கன்னு நீங்க நிரூபிக்க வேண்டியதில்ல, பொருளை வாங்கினாங்க, சேர்க்கல, அவ்ளோ தான் நீங்க காட்டணும், மிச்சத்த அவங்க சொல்லட்டும். மூணாவது லிமிட். அதிக ரிஸ்க்குனு சொல்லி கூடுதல் கட்டணம் கட்டி புக் பண்ணாத வரைக்கும் அவங்க பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு, 2011 ரூல்ஸ்ல அது கட்டின வாடகை மாதிரி பத்து மடங்கு, பொருளோட மதிப்புக்கு மேல போகாது. நீங்க கட்டினது 190, அப்ப 1,900. 6,400 இல்ல தான், ஆனா 100ம் இல்ல. நான் நோட்டீஸ் எழுதினா இதை வச்சு தான் ஆரம்பிப்பேன்.

ரசீது பின்னாடி இருக்கிற பொடி எழுத்து பத்தி. 1996ல பாரதி நிட்டிங் கம்பெனி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, கையெழுத்து போட்டு ஒத்துக்கிட்ட கன்சைன்மெண்ட் நோட்ல, அதாவது சரக்கு அனுப்புற சீட்டுல, இவ்ளோ தான் பொறுப்புன்னு இருந்தா அது கட்டுப்படுத்தும்னு, அந்த கேஸ்ல நஷ்டம் லட்சக்கணக்குல, கிடைச்சது 100 டாலர். அதுக்காக கூரியர்காரங்க எல்லாரும் அந்தத் தீர்ப்பை நீட்டுவாங்க. ஆனா அனுப்புறவர் கையெழுத்தே போடல, யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லைன்னா பின்பக்கத்து பொடி எழுத்து செல்லாதுன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் வேற கேஸ்கள்ல சொல்லியிருக்கு. அதனால செல்வி, உங்ககிட்ட கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு தான், நீங்க எதுலயாவது கையெழுத்து போட்டீங்களா?

இப்ப போஸ்ட் ஆபீஸ். மணி சொன்னது இங்க சுத்தமா எடுபடாது. 1898 இந்திய தபால் சட்டத்துல 6வது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, தொலைஞ்சாலோ லேட்டானாலோ அரசு தானா வாய்விட்டு ஏத்துக்கிட்ட பொறுப்பைத் தவிர வேற எதுவும் கிடையாதுன்னு. அந்தச் சட்டத்தை எடுத்துட்டு 2023ல புது சட்டம் கொண்டு வந்தாங்க, 2024 ஜூன் 18ல இருந்து அமல்ல இருக்கு, அதுல 10வது பிரிவும் கிட்டத்தட்ட அதே கதை தான், விதிகள்ல சொன்ன பொறுப்பு மட்டும் தான். ஊழியர் மோசடி பண்ணாரு, வேணும்னே பண்ணாருன்னு காட்டினா தான் அவர் மேல போக முடியும். மேல சொன்ன 2007 சட்டத்துலயும் கேரியர்னா அரசு சேராதுன்னு போட்டிருக்கு. சாதாரணமா அனுப்பின ஸ்பீட் போஸ்ட் தொலைஞ்சா 1999ல இருந்து வர்ற கணக்கு என்னன்னா, கட்டின சார்ஜ் மாதிரி ரெண்டு மடங்கு இல்லன்னா 1,000 ரூபாய், ரெண்டுல எது கம்மியோ அது. 120 கட்டி அனுப்பினா 240. உள்ள 240 ரூபாய் கர்ச்சீப் இருந்தாலும் சரி 20,000 ரூபாய் பட்டு இருந்தாலும் சரி. அதுக்கு மேல வேணும்னா ஒரே வழி இன்சூர் பண்றது.

சுங்குடிசெல்வி:
ரொம்ப நன்றி சார். நான் எதுலயும் கையெழுத்து போடல. அவங்க கம்ப்யூட்டர்ல அடிச்சு ஒரு துண்டு சீட்டு குடுப்பாங்க, அதுல உள்ள என்னன்னா ஜவுளின்னு இருக்கு, மதிப்புங்கற இடம் காலியா இருக்கு, அவங்க கேக்கவும் இல்ல. பில் இருக்கு, யுபிஐ ஸ்கிரீன்ஷாட் இருக்கு, பேக் பண்ணும்போது எடுத்த போட்டோ கூட இருக்கு. வக்கீல் வச்சு தான் நோட்டீஸ் அனுப்பணுமா? அந்த ஃபீஸ் குடுத்தா 1,900ல என்ன மிஞ்சும்.

வைகை_வக்கீல்:
வேணாம், நீங்களே எழுதலாம், தமிழ்லயே எழுதலாம். புக் பண்ண தேதி, ரசீது நம்பர், உள்ள என்ன, விலை என்ன, யாருக்கு அனுப்பினது, எப்ப இருந்து நகரல, அவங்க தொலைஞ்சதா ஒத்துக்கிட்டது, இவ்ளோ நாளைக்குள்ள இவ்ளோ காசு வேணும். அவ்ளோ தான். பிராஞ்சுக்கு ஒண்ணு, ரசீதுல போட்டிருக்கிற தலைமை ஆபீஸ் அட்ரஸுக்கு ஒண்ணு. 2025 அக்டோபர்ல இருந்து ரெஜிஸ்டர் தபால் தனியா கிடையாது, ஸ்பீட் போஸ்ட்டோட சேர்த்துட்டாங்க, அதனால ஸ்பீட் போஸ்ட்ல ரெஜிஸ்ட்ரேஷன் வேணும்னு சொல்லி போடுங்க, போய்ச் சேர்ந்ததுக்கு ஆதாரம் எடுத்து வைங்க. மதிப்பு காலியா இருக்கிறதால 6,400 முழுசா கேட்டு எழுதுங்க, பத்து மடங்குக்கு இறங்குறது பேச்சுவார்த்தைல பாத்துக்கலாம்.

பதில் வரலைன்னா கன்ஸ்யூமர் கமிஷனுக்கு போறதுக்கு முன்னாடி இன்னொரு இடம் இருக்கு, யாரும் போறதே இல்ல. நிரந்தர மக்கள் நீதிமன்றம். அப்பப்ப நடக்கிற லோக் அதாலத் இல்ல, 1987 சட்டப்பணிகள் சட்டத்துல 22ஏ, 22பி பிரிவுல வர்றது, பொதுப் பயன்பாட்டு சேவைகளுக்குன்னே தனியா. சரக்கு போக்குவரத்தும் அதுல வரும், தபாலும் வரும். கோர்ட் ஃபீஸ் கிடையாது, மொதல்ல சமரசம் பேசுவாங்க, சமரசம் ஆகலைன்னா அவங்களே தீர்ப்பும் சொல்லலாம். உங்க மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல கேளுங்க, எங்க உக்காருதுன்னு சொல்லுவாங்க. கன்ஸ்யூமர் கமிஷன்ல 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, நீங்க இருக்கிற ஊர்லயே போடலாம், ஆன்லைன்லயும் போடலாம், ஆனா எதிர் தரப்பு கண்டிப்பா ஒண்ணு கிளப்புவாங்க, இவங்க வியாபாரத்துக்கு அனுப்பினவங்க, நுகர்வோரே இல்லைன்னு. பிழைப்புக்காக சுயதொழில் பண்றோம்னு நீங்க அதுக்கு பதில் சொல்லணும், அதுலயே கொஞ்ச நாள் ஓடிரும்.

ஹோசூர்_மணி:
அப்ப லட்சம் வராதா 😅 சரி சார், தெரிஞ்சுக்கிட்டேன்.

சார்ட்டர்_தாத்தா:
அம்மா, நான் திருச்சில ஆர்எம்எஸ்ல, அதாவது ரயில்வே மெயில் சர்வீஸ்ல, தபால் பிரிக்கற சார்ட்டிங்ல இருந்து ரிட்டயர் ஆனவன். இன்சூரன்ஸ் பத்தி கேட்டதால எழுதறேன், என் டைப்பிங் மெதுவு, பொறுத்துக்கோங்க.

எல்லாரும் தொலைஞ்சா எவ்ளோ காசு வரும்னே கேக்கறாங்க, ஆனா இன்சூர் பண்றதுல அதை விட பெரிய லாபம் அது போற விதத்துல இருக்கு. சாதாரண பார்சல் மூட்டையோட மூட்டையா போகும், இன்சூர்டு ஆர்ட்டிகிள் அப்படி இல்ல, அதுக்குன்னு தனி கணக்கு, கை மாறுற ஒவ்வொரு இடத்துலயும் எடை பாத்து, சீல் பாத்து, எழுதி, கையெழுத்து போட்டு தான் வாங்குவோம். ஷிப்ட் முடியும்போது ஒரு இன்சூர்டு கணக்குல குறைஞ்சா அந்த செட்டு ஆள் யாரும் வீட்டுக்கு போக முடியாது. யார் கைல இருக்கும்போது காணாம போச்சுன்னு தெரிஞ்சிரும்ங்கறதால தான் அது காணாம போறதே அபூர்வம். இப்ப எல்லாம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல போகுது, ஆனா அடிப்படை அது தான்.

ஒரு லட்சம் வரைக்கும் இன்சூர் பண்ணலாம். ஆனா கிராமத்து பிராஞ்ச் ஆபீஸ்ல போய் நிக்காதீங்க, எங்க காலத்துல அங்க 600 ரூபாய்க்கு மேல இன்சூர்டு வாங்க மாட்டாங்க. சப் ஆபீஸ் இல்லன்னா ஹெட் ஆபீஸுக்கு போங்க, கவுண்டர்ல அன்னைக்கு ரேட் என்னன்னு கேட்டுட்டு போடுங்க. மதிப்பு எவ்ளோவோ அதுக்கு ஏத்த மாதிரி கட்டணம் ஏறும், கம்மியா இருக்காது, அதையும் சொல்லிடறேன்.

மதிப்பு போடும்போது தான் ரொம்ப பேர் ஏமாறறாங்க. 6,400 பொருளுக்கு 10,000னு போட்டா 10,000 வராது. உண்மையான நஷ்டம் எவ்ளோவோ அது, அதுவும் நீங்க இன்சூர் பண்ண தொகைக்கு மேல போகாது. அதிகமா போட்டது தெரிஞ்சா உள்ளதும் போயிரும். கம்மியா போட்டா கட்டணம் மிச்சம்னு 2,000 போட்டீங்கன்னா 2,000 தான். அதனால பில்லுல என்ன இருக்கோ அதே தொகை, ஒரு ரூபாய் அங்க இங்க இல்லாம.

பேக்கிங். எங்க காலத்துல அரக்கு சீல் இல்லாம இன்சூர்டு வாங்கவே மாட்டோம். துணி சுத்தி தைச்சு, தையல் மேல, மடிப்பு மேலன்னு சீல் வச்சு, எல்லா சீலும் ஒரே மாதிரி இருக்கணும், அனுப்புறவரோட சொந்த முத்திரையா இருக்கணும். நாணயத்தை அரக்குல அழுத்திட்டு வருவாங்க, அது செல்லாது, ஏன்னா யார் வேணாலும் பிரிச்சுட்டு அதே மாதிரி ஒரு காசை எடுத்து திரும்ப அழுத்திரலாம் பாருங்க. இப்ப உங்க ஆபீஸ்ல என்ன கேக்கறாங்களோ அதை முன்னாடி நாளே கேட்டு வச்சுக்கோங்க, பார்சலை ஒட்டிட்டு போய் கவுண்டர்ல நின்னு திரும்பி வராதீங்க. எப்படின்னாலும் பிரிச்சா தெரியற மாதிரி இருக்கணும், அது தான் விஷயம். ரசீதுல எடை கிராம் கணக்குல வரும், அதை உங்க கண் முன்னாடி சரி பாருங்க, ரசீதுல இன்சூர்டு தொகை அச்சாகியிருக்கான்னு கவுண்டரை விட்டு நகர்றதுக்கு முன்னாடியே பாருங்க. தெர்மல் பேப்பர் வெளுத்துரும், அன்னைக்கே போட்டோ எடுத்துடுங்க.

வாங்குறவங்ககிட்டயும் சொல்லி வைங்க. பார்சல் கிழிஞ்ச மாதிரி, எடை குறைஞ்ச மாதிரி இருந்தா கையெழுத்து போட்டு வாங்கிடக் கூடாது. ஓப்பன் டெலிவரி வேணும்னு கேக்கணும், ஆபீஸ்ல வச்சு போஸ்ட்மாஸ்டர் முன்னாடி பிரிச்சு உள்ள என்ன இருக்கு என்ன இல்லைன்னு லிஸ்ட் எழுதுவாங்க. வெளில சேதம் எதுவும் இல்லாம, எடையும் சரியா இருந்து, மறுபேச்சு பேசாம கையெழுத்து போட்டு வாங்கிட்டா அப்புறம் உள்ள ஒரு சேலை குறையுதுன்னு வந்தா ஒண்ணும் பண்ண முடியாது. அன்பாக்சிங் வீடியோ எல்லாம் இன்ஸ்டாவுக்கு தான் ஆகும், அங்க இந்த லிஸ்ட் தான் பேசும்.

இன்னொண்ணு, இது இன்சூரன்ஸ் இருந்தாலும் இல்லாட்டாலும் எல்லாரும் செய்யணும். பார்சலுக்கு உள்ள ஒரு துண்டு பேப்பர்ல அனுப்புறவர் அட்ரஸ், வாங்குறவர் அட்ரஸ், ரெண்டு போன் நம்பரும் எழுதி போடுங்க. தொலைஞ்சதுன்னு சொல்ற பார்சல்ல நிறைய உண்மைல தொலையறதில்ல, மேல ஒட்டின லேபிள் மழைல நனைஞ்சோ பெல்ட்ல உரசியோ பிஞ்சு போயிருக்கும், யாருக்குன்னு தெரியாம நிக்கும். அப்படிப்பட்டது ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ்ங்கற ஆர்எல்ஓவுக்கு போகும், சென்னைல இருக்கு, அங்க அதுக்குன்னு அதிகாரம் இருக்கிறவங்க பிரிச்சு உள்ள அட்ரஸ் இருக்கான்னு பாப்பாங்க, வேற யாரும் பிரிக்கக் கூடாது. உள்ள ஒரு சீட்டு இருந்தா உங்களுக்கே திரும்பி வந்துரும். சேலை மட்டும் இருந்தா அது யாரோட சேலைன்னு அவங்களுக்கு எப்படி தெரியும்.

சர்வே_செந்தில்:
தாத்தா சொன்னதை சேமிச்சு வச்சுக்கோங்க எல்லாரும், இப்படி யாரும் சொல்ல மாட்டாங்க.

நான் இன்சூரன்ஸ் சர்வே பக்கம் இருக்கேன். செல்வி அக்கா, மாசத்துக்கு நிறைய பார்சல் போகுதுன்னா ஒவ்வொண்ணுக்கும் தனியா இன்சூர் பண்றதுக்கு பதிலா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனில மரைன் ஓப்பன் பாலிசி கேட்டுப் பாருங்க. பேர் தான் மரைன், கப்பல் எதுவும் வேணாம், உள்நாட்டுக்குள்ள ரோடு, ரயில்ல போற சரக்குக்கும் அதே தான். வருஷத்துக்கு இவ்ளோ மதிப்புக்கு சரக்கு அனுப்புவேன்னு ஒரு தொகை போட்டு எடுக்கறது, அனுப்ப அனுப்ப அதுல கழிஞ்சிட்டே வரும். இன்லேண்ட் டிரான்சிட் க்ளாஸ் ஏ, பி, சின்னு மூணு இருக்கு. விலை கம்மியா இருக்குன்னு சி எடுத்தீங்கன்னா காணாம போறது, திருட்டு எல்லாம் அதுல வராது, தீ, மின்னல் மாதிரி விஷயம் தான். உங்களுக்கு வேண்டியது ஏ. கூரியர்ல, தபால்ல அனுப்பறதும் இதுல வருதான்னு பாலிசில எழுத்துல வாங்கணும், ஏஜென்ட் வரும் வரும்னு தலையாட்டறதை நம்பாதீங்க. ஒரு க்ளெய்முக்கு இவ்ளோ வரைக்கும் உங்க கைக்காசுன்னு எக்சஸ் ஒண்ணு இருக்கும், அது 5,000னு போட்டிருந்தா உங்க 6,400 பார்சலுக்கு 1,400 தான் வரும், அப்புறம் எதுக்கு பாலிசி. அதனால சின்ன சின்ன பார்சல் அனுப்பறவங்களுக்கு இது சரிப்படுமாங்கறது அந்த எக்சஸ்ல தான் இருக்கு.

வக்கீல் சார் சொன்ன நோட்டீஸ் இங்கயும் வேணும். பாலிசி இருக்கேன்னு கேரியருக்கு நோட்டீஸ் குடுக்காம விட்டா கம்பெனி க்ளெய்மை குறைக்கும், இல்ல தள்ளும். ஏன்னா உங்களுக்கு பணம் குடுத்துட்டு அவங்க போய் கேரியர்கிட்ட வசூல் பண்ற உரிமை இருக்கு, நீங்க நோட்டீஸ் விட்டுட்டா அவங்க உரிமையும் சேர்ந்து போயிரும். கேரியர்கிட்ட இருந்து பொருள் சேர்க்கலன்னு எழுத்துல சர்டிபிகேட்டும் கேப்பாங்க. அதை மட்டும் இப்பவே கேட்டு வாங்குங்க அக்கா, வாயால ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே, அதை ஒரு மெயில்லயாவது எழுத வைங்க. நீங்களே ஒரு மெயில் போடுங்க, இன்னைக்கு போன்ல பார்சல் கிடைக்கலன்னு சொன்னீங்க, உறுதி பண்ணுங்கன்னு.

ஜிஎஸ்டி எடுத்திருக்கவங்களுக்கு ஒரு வரி, தொலைஞ்ச சரக்குக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டை, அதாவது வாங்கும்போது கட்டின வரிக்கு கழிச்சுக்கிட்டதை, திருப்பணும், ஜிஎஸ்டி சட்டம் 17(5)ல இருக்கு. ஆடிட்டர்கிட்ட சொல்ல மறந்துடாதீங்க.

வாங்குறவ_பிரியா:
நான் விக்கிறவ இல்ல, வாங்குறவ 😄 பெங்களூர்ல இருந்து மாசம் ஒண்ணாவது இந்த மாதிரி வீட்ல விக்கிறவங்ககிட்ட வாங்குவேன். பார்சல் தொலையறதுக்கு நான் கோவப்பட்டதே இல்ல, அதை விக்கிறவங்க என்ன பண்ண முடியும். கோவம் வர்றது எப்பன்னா நாலு நாள் ப்ளூ டிக் விழுந்தும் பதில் இல்லாதப்ப. சேலை புடிச்சு தானே வாங்கினாங்க, காசு வேணுமா இல்ல அதே மாதிரி சேலை வேற இருந்தா அனுப்பட்டுமான்னு அந்த அக்காகிட்டயே கேளுங்களேன், பாதி பேர் சேலை தான் கேப்போம். உங்களுக்கும் விக்கிற விலை போகாம அடக்க விலை தான் போகும்.

இன்சூரன்ஸ் சார்ஜை தனியா காட்டி, வேணும்னா போடுங்கன்னு கேட்டா நான் 3,000க்கு மேலன்னா கண்டிப்பா போடுவேன். ஆனா அதை போடலைன்னா தொலைஞ்சா நான் பொறுப்பில்லன்னு ஒருத்தர் எழுதியிருந்தாங்க, அவங்ககிட்ட வாங்கறதையே விட்டுட்டேன்.

வைகை_வக்கீல்:
பிரியா சொன்ன கடைசி விஷயம் சட்டத்துலயும் கொஞ்சம் சிக்கல் தான். 1930 சரக்கு விற்பனை சட்டம் 39வது பிரிவு, கேரியர்கிட்ட ஒப்படைச்சாலே வாங்கினவர்கிட்ட ஒப்படைச்ச மாதிரின்னு பாத்தவுடனே தோணும், விக்கிறவங்களுக்கு சாதகம் மாதிரி. ஆனா அடுத்த உட்பிரிவுலயே, பொருளோட தன்மைக்கு ஏத்த மாதிரி நியாயமான ஏற்பாட்டோட கேரியர்கிட்ட விக்கிறவர் குடுக்கணும், அப்படி குடுக்காம அது தொலைஞ்சா வாங்கினவர் எனக்கு வந்து சேரலன்னு சொல்லிக்கலாம்னு இருக்கு. 20,000 ரூபாய் பட்டை 100 ரூபாய் பொறுப்புல அனுப்பினது நியாயமான ஏற்பாடான்னு கேட்டா நான் விக்கிறவர் பக்கம் நின்னு வாதாட மாட்டேன்.

தபால்ல புகார் பத்தி யாரும் சொல்லல. இந்தியா போஸ்ட் சைட்லயே போடலாம், 1800 266 6868ல கூப்பிட்டும் பதியலாம், பதில்ல திருப்தி இல்லைன்னா மத்திய அரசோட குறைதீர்ப்பு போர்ட்டல் சிபிகிராம்ஸ்ல. கோட்ட அளவுல டாக் அதாலத்னு தபால் புகார் கேக்கற கூட்டம் அப்பப்ப நடத்துவாங்க. யாருக்கு டெலிவரி ஆச்சு, கையெழுத்து யாரோடதுன்னு சந்தேகம் இருந்தா 10 ரூபாய்ல ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல மனு, 30 நாள்ல பதில், அந்த 10 ரூபாயையும் போஸ்டல் ஆர்டராவே கட்டலாம். ஹெல்ப்லைன் நம்பரை கூகுள்ல தேடி மொதல்ல வர்றதுக்கு கூப்பிடாதீங்க, உங்க பார்சல் நிக்குது, லிங்க்ல 5 ரூபாய் கட்டுங்கன்னு வர்ற மெசேஜும் அதே மோசடி கும்பல் தான்.

சுங்குடிசெல்வி:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. பிரியா சொன்ன மாதிரியே அந்த அக்காகிட்ட கேட்டேன், ரெண்டு சேலை அதே டிசைன்ல அனுப்பு, ஒண்ணுக்கு மட்டும் காசு போதும்னாங்க. மெயில் போட்டாச்சு, நோட்டீஸ் எங்க அண்ணன் உக்காந்து எழுதிட்டு இருக்கான், தேதி இன்னும் 180க்குள்ள தாராளமா இருக்கு. 3,000க்கு மேல போனா திண்டுக்கல் ஹெட் ஆபீஸ் போய் இன்சூர் பண்ணலாம்னு இருக்கேன், அதுக்கு கீழ கரூர் அண்ணா சொன்ன மாதிரி தனியா ஒதுக்கி வைக்கறது.

தாத்தா, இன்னொரு சின்ன சந்தேகம். மலேசியால இருந்து ஒரு ஆர்டர் வந்திருக்கு, அங்க அனுப்பறதுக்கும் இதே மாதிரி தானா? தொலைஞ்சா அவங்க அங்க கேக்கணுமா நான் இங்க கேக்கணுமா?

சார்ட்டர்_தாத்தா:
நீங்க தாம்மா இங்க கேக்கணும். வெளிநாட்டு தபால்ல புகார் பொதுவா அனுப்புற நாட்டுல இருந்து தான் கிளம்பும், இங்க எழுதி குடுத்தா இவங்க அந்த நாட்டுக்கு விசாரணை அனுப்புவாங்க, அனுப்பின மறுநாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள கேக்கணும். இன்சூரன்ஸ் எல்லா நாட்டுக்கும் கிடையாது, மலேசியாவுக்கு இப்ப வாங்கறாங்களான்னு திண்டுக்கல்லயே கேட்டுட்டு விலை சொல்லுங்க அவங்களுக்கு. இன்சூர் பண்ணாத பார்சலுக்கு உலக தபால் யூனியன் கணக்கு ஒண்ணு இருக்கு, பார்சலுக்கு 40 எஸ்டிஆர், அதுக்கு மேல கிலோவுக்கு 4.5 எஸ்டிஆர், அது தான் அதிகபட்சம். எஸ்டிஆர்னா ஐஎம்எஃப்போட கணக்கு அலகு, அன்னைக்கு ரேட்டுக்கு ரூபாயாக்கி தருவாங்க. சுங்கத்துக்கு எழுதற ஃபார்ம்ல வரி கம்மியாகட்டும்னு விலையை குறைச்சு எழுதச் சொல்லி வாங்கறவங்க கேப்பாங்க, எழுதாதீங்க, நாளைக்கு தொலைஞ்சா அந்த ஃபார்மை தான் எடுத்து பாப்பாங்க.